ஜாபிக்ஸுக்கு எந்த டேட்டாபேஸ்: மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸா, டைம்ஸ்கேலா?

நெட்வொர்க் கருவிகளையும் சர்வர்களையும் கண்காணிக்கும் மென்பொருள் ஜாபிக்ஸ். அதன் டவுன்லோடு பக்கத்தில் பதிப்பு, லினக்ஸ் வகை என்று ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டே வந்தால் டேட்டாபேஸ் என்ற கட்டத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும்: மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ். பழகிய பெயரைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் பிறகு மாற்றுவதற்கு மிகவும் கஷ்டமான தேர்வு அதுதான். வெப் சர்வரில் அப்பாச்சியை எடுத்துவிட்டு என்ஜின்எக்ஸ் போடுவது சின்ன வேலை. டேட்டாபேஸை மாற்ற வேண்டும் என்றால், இதுவரை சேர்ந்த கிராஃப்களை விட்டுவிடத் தயாரா என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் நிறுவும் அன்றே கொஞ்சம் யோசித்துவிடுவது நல்லது.

ஐம்பது, நூறு கருவிகளிலிருந்து சில நூறு கருவிகள் வரை கண்காணிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு கல்லூரி வளாகம், ஒரு தொழிற்சாலை, ஒரு மாவட்டத்துக்குள் இயங்கும் இன்டர்நெட் சேவை நிறுவனம், இந்த அளவு. ஜாபிக்ஸ்தான் வேண்டுமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காக்டை, லிப்ரெஎன்எம்எஸ் போன்றவை கிராஃப் தரவை ஆர்ஆர்டி கோப்புகளில் வைக்கின்றன. அந்தக் கோப்பின் அளவு உருவாக்கும்போதே முடிவாகிவிடும், பிறகு வளராது; பழைய தரவு சராசரியாகச் சுருங்கிக்கொண்டே போகும். ஜாபிக்ஸில் அப்படியில்லை. செட்டிங்ஸ், பயனர்கள், அலர்ட்டுகள், ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் வரும் ஒவ்வொரு அளவீடு என எல்லாமே ஒரே எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் போய் உட்காரும். எதையும் எஸ்க்யூஎல் குவெரி எழுதி எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. அந்த டேட்டாபேஸ் திணறினால் மொத்தக் கண்காணிப்பும் திணறும் என்பது அதற்கான விலை.

முதலில் கணக்குப் போடுங்கள்

48 போர்ட் ஸ்விட்ச் 40 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஜாபிக்ஸின் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் முறை) டெம்ப்ளேட் ஒரு போர்ட்டுக்கு உள்வரும் டிராஃபிக், வெளிபோகும் டிராஃபிக், இரு திசையிலும் எரர், இரு திசையிலும் டிஸ்கார்டு (கைவிடப்பட்ட பாக்கெட்), போர்ட் அப் ஆக இருக்கிறதா டவுன் ஆக இருக்கிறதா என்ற நிலை, வேகம், போர்ட் வகை என்று ஒன்பது ஐட்டம் (அளக்கும் விஷயம் ஒவ்வொன்றும் ஒரு ஐட்டம்) உருவாக்கும். 40 × 48 × 9 என்றால் 17,280 ஐட்டம். சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் விநாடிக்கு 96 புதிய மதிப்புகள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 83 லட்சம் வரிசைகள். 31 நாள் வைத்திருந்தால் சுமார் 25.7 கோடி. ஒரு எண் மதிப்புக்குத் தோராயமாக 90 பைட் என்று ஜாபிக்ஸ் ஆவணமே ஒரு கணக்கு சொல்கிறது. அதன்படி 23 ஜிபி. இதுபோக ட்ரெண்ட்ஸ் என்ற மணிக்கணக்குச் சுருக்கம் (குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம், எத்தனை அளவீடு) ஒரு வருடத்துக்கு இன்னொரு 13.6 ஜிபி.

ஏற்கெனவே ஜாபிக்ஸ் ஓடுகிறது என்றால் இந்தக் கணக்குகூட வேண்டாம். ரிப்போர்ட்ஸ் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் விநாடிக்கு எத்தனை புதிய மதிப்பு தேவைப்படுகிறது என்பதை அதுவே காட்டும். இனி வரும் ஒப்பீடு முழுவதும் அந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தது.

விநாடிக்கு 96 எழுதுவது இன்றைய எஸ்எஸ்டியில் எந்த டேட்டாபேஸுக்கும் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் நிறுவிய முதல் மாதம் எல்லாமே அருமையாக ஓடும். மைஎஸ்க்யூஎல் போட்டவரும் நன்றாக இருக்கிறது என்பார், போஸ்ட்கிரெஸ் போட்டவரும் அதையே சொல்வார். 32ஆம் நாளிலிருந்துதான் வேறுபாடு தெரிய ஆரம்பிக்கும். அன்றிலிருந்து தினமும் 83 லட்சம் வரிசைகள் உள்ளே வரும்போது, அதே அளவு பழைய வரிசைகள் வெளியேறியாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் தேர்வில் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்: பழைய தரவை இந்த டேட்டாபேஸ் எப்படி வெளியேற்றுகிறது? வேக ஒப்பீட்டு அட்டவணைகள், எது நவீனமானது என்ற வாதங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹவுஸ்கீப்பர் செய்யும் வேலை

ஜாபிக்ஸுக்குள் ஹவுஸ்கீப்பர் என்று ஒரு புராசஸ் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் மணிக்கு ஒருமுறை விழித்து, காலாவதியான தரவை அழித்துவிட்டுத் தூங்கப்போகும். அது அழிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். "ஒரு மாதத்துக்கு முந்தைய எல்லாவற்றையும் அழி" என்று ஒரே உத்தரவு அது போடுவதில்லை. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனி வைப்புக் காலம் இருக்கலாம் என்பதால், ஐட்டம் ஐட்டமாகத்தான் டெலீட் போடும். நம் கணக்கில் மணிக்கு 17,280 டெலீட். ஒவ்வொன்றிலும் 20 வரிசை. மொத்தம் மூன்றரை லட்சம் வரிசை. சர்வர் லாகில் ஹவுஸ்கீப்பர் முடிந்ததும் ஒரு வரி விழும்: எத்தனை ஹிஸ்டரி (சுருக்காத மூல அளவீடுகள்), ட்ரெண்ட்ஸ் வரிசை அழித்தது, எத்தனை விநாடி ஆனது என்று. அந்த விநாடிக் கணக்கை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். 200 என்பது 900 ஆகி, 900 என்பது 2,500 ஆகிறது என்றால், 3,600ஐத் தொடும் நாள் தூரத்தில் இல்லை.

இன்னொரு விஷயமும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். ஹவுஸ்கீப்பர் ஒரு சுற்றில் ஒரு ஐட்டத்துக்கு அதிகபட்சம் நான்கு சுழற்சி அளவு பழைய தரவைத்தான் அழிக்கும். மணிக்கு ஒருமுறை ஓடினால் நான்கு மணி நேரத் தரவு. டேட்டாபேஸை ஒரேயடியாக அடித்துப்போடக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. ஆனால் டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று வைப்புக் காலத்தை 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாள், அதாவது 1,440 மணி நேரத் தரவு மிச்சம் நிற்கிறது. மணிக்கு நான்கு கழியும், புதிதாக ஒன்று காலாவதியாகும், நிகரம் மூன்று. எல்லாம் தீர 480 மணி நேரம், 20 நாள் ஆகும். அவசரத்துக்கு இது உதவாது.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி

தமிழ்நாட்டில் வெப் ஹோஸ்டிங் பக்கமிருந்து சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்தவர்கள் அதிகம். அவர்களுக்கு மைஎஸ்க்யூஎல் கைப்பழக்கம். அது சாதாரண விஷயமில்லை. இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் எழவில்லை என்றால், தெரிந்த டேட்டாபேஸின் எரர் லாகைப் படிப்பதற்கும் தெரியாததைப் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

உள்ளமைப்பிலும் மைஎஸ்க்யூஎல்லுக்கு ஒரு உண்மையான அனுகூலம் இருக்கிறது. ஜாபிக்ஸ் 6.0 முதல், புதிதாக நிறுவினால் ஹிஸ்டரி டேபிள்களுக்கு ஐட்டம் எண், நேரம், நானோ விநாடி மூன்றும் சேர்ந்த பிரைமரி கீ வருகிறது. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, பிரைமரி கீயின் வரிசையிலேயே தரவை டிஸ்கில் அடுக்கும். ஆக ஒரு போர்ட்டின் ஒரு வாரத் தரவு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கிராஃப் சட்டென்று வரும். இதன் மறுபக்கம், வரும் மதிப்புகள் ஒரே இடத்தில் சேராமல் 17,280 இடங்களில் சிதறிப் போய் விழும். அந்த இடங்கள் எல்லாம் ரேமில் இருந்தால் பிரச்சினை இல்லை. இன்னோடிபி தரவை ரேமில் வைக்கும் பஃபர் பூல் தானாக வருவது 128 எம்பி மட்டுமே. அதை அப்படியே விட்டுவிட்டு மைஎஸ்க்யூஎல் மெதுவாக இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. டேட்டாபேஸுக்கென்றே தனி சர்வர் என்றால் ரேமில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுங்கள். பழைய பதிப்பிலிருந்து 6.0க்கு மேல் ஏற்றி வந்தவர்களுக்கு அந்த பிரைமரி கீ தானாக வராது. அதற்கென உள்ள ஸ்கிரிப்டைக் கையால் ஓட்ட வேண்டும்.

அழிப்புக்கு வருவோம். இன்னோடிபியில் வரிசைகளை அழித்தால் அந்த இடம் கோப்புக்குள்ளேயே காலியாக நின்று மறுபடி பயன்படும். கோப்பு சுருங்காது. சுருக்க வேண்டுமானால் ஆப்டிமைஸ் டேபிள் போட வேண்டும். அது டேபிளைப் புதிதாக எழுதும் என்பதால் இன்னொரு பிரதிக்கு டிஸ்கில் இடம் வேண்டும். டிஸ்க் நிறைந்து தவிப்பவரிடம் அந்த இடம்தான் இருக்காது.

இதற்கு மைஎஸ்க்யூஎல் உலகில் எல்லோரும் போகும் வழி பார்ட்டிஷன், அதாவது ஒரே டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பது. ஹிஸ்டரி டேபிள்களை நாள்வாரியாகவும் ட்ரெண்ட்ஸை மாதவாரியாகவும் பிரித்துவிடுவார்கள். பழைய நாளை அழிப்பது ஒரு பார்ட்டிஷனை டிராப் செய்வதோடு முடிந்துவிடும்; கண் இமைக்கும் நேரம், டிஸ்க் இடமும் உடனே திரும்பக் கிடைக்கும். டேபிளுக்கு டேபிள் வேறு காலம் வைக்கலாம் என்பதும் இதில் நல்லது: எண்களுக்கு ஒரு மாதம், லாக் வரிகளுக்கு ஒரு வாரம்.

ஆனால் இதை ஜாபிக்ஸ் செய்து தராது. பயனர்கள் எழுதிப் பகிர்ந்த ஸ்டோர்டு புரொசீஜரோ பெர்ல் ஸ்கிரிப்டோ எடுத்துப் போட்டு, கிரானிலோ (லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) மைஎஸ்க்யூஎல்லின் ஈவென்ட் ஷெட்யூலரிலோ ஓட்டி, ஜாபிக்ஸ் முகப்பில் ஹிஸ்டரி, ட்ரெண்ட்ஸ் இரண்டுக்கும் உள் ஹவுஸ்கீப்பிங்கை அணைக்க வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் நாளைய பார்ட்டிஷனை முன்கூட்டியே உருவாக்கிக்கொண்டே வரும். சர்வரை வேறு இயந்திரத்துக்கு மாற்றும்போது கிரான் வரி விட்டுப்போனால் என்ன ஆகும்? ஏற்கெனவே உருவாக்கிவைத்த நாட்கள் தீரும் வரை ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நள்ளிரவில், இந்த மதிப்புக்கு பார்ட்டிஷன் இல்லை என்று சொல்லி ஒவ்வொரு இன்சர்ட்டும் தோற்கும். ஸ்விட்ச் எல்லாம் உயிரோடு இருக்கும், கிராஃப் மட்டும் நின்றுவிடும். அதனால் இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு வாரத்துக்காவது பார்ட்டிஷன்களை முன்னதாக வைத்திருங்கள். இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவைக் கேட்கும் ஒரு ஐட்டத்தையும் ஜாபிக்ஸிலேயே வைத்து, ஏழுக்குக் கீழே போனால் அலர்ட் வரட்டும்.

மைஎஸ்க்யூஎல் 8இல் இன்னொரு பொறி உண்டு. தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் பைனரி லாக் தானாகவே ஆன் ஆகியிருக்கும், 30 நாள் வரை சேர்த்தும் வைக்கும். ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகல்) வைத்திருப்பவருக்கு அது தேவை. ஒற்றை சர்வரில், உள்ளே வரும் ஒவ்வொரு வரிசையும் இரண்டாவது முறை அங்கே எழுதப்படும். ஹவுஸ்கீப்பர் அழிக்கும் ஒவ்வொரு வரிசையும் கூட. டேட்டாபேஸ் 25 ஜிபிதான், டிஸ்க் மட்டும் ஏன் நிரம்புகிறது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ரெப்ளிகா இல்லை என்றால் அணைத்துவிடலாம், அல்லது இரண்டு மூன்று நாளாகக் குறைக்கலாம். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியில் பைனரி லாக் தானாக ஆன் ஆவதில்லை. மற்றபடி இந்த ஒப்பீட்டில் மரியாடிபியை மைஎஸ்க்யூஎல்லோடு சேர்த்தே பார்க்கலாம். பதிப்பு எண் ஜாபிக்ஸ் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வெறும் போஸ்ட்கிரெஸ்

டைம்ஸ்கேல் இல்லாமல் போஸ்ட்கிரெஸை மட்டும் போடுவது எனக்கு அவ்வளவாகப் பிடித்த தேர்வு இல்லை. காரணம் மறுபடியும் அழிப்புதான். போஸ்ட்கிரெஸில் டெலீட் என்பது வரிசை செத்துவிட்டது என்று குறிப்பது மட்டுமே. அந்த இடத்தை மீட்பது வேக்யூம் என்ற துப்புரவுப் பணியின் வேலை. டேபிளில் ஐந்தில் ஒரு பங்கு செத்த பிறகுதான் ஆட்டோவேக்யூம் எழும், அதுதான் வழக்கமான அமைப்பு. 25.7 கோடி வரிசையில் ஐந்தில் ஒன்று என்றால் ஐந்து கோடிக்கு மேல். நம் நெட்வொர்க்கில் ஏறக்குறைய ஆறு நாளுக்கு ஒருமுறைதான் அந்த எண்ணைத் தொடும்; தொட்டதும் பெரிய டேபிளையும் இண்டெக்ஸையும் முழுக்கப் புரட்ட ஆரம்பிக்கும், அன்று கிராஃப்கள் இழுத்து இழுத்து வரும்.

இதைச் சரிசெய்ய முடியும். ஹிஸ்டரி டேபிள்களுக்கு மட்டும் அந்த விகிதத்தை நூற்றில் ஒன்றாகக் குறைத்தால் வேக்யூம் அடிக்கடி, சின்னச் சின்னதாக ஓடும். தரவு குறைவாக உள்ள இடங்களுக்கு இது போதும். விநாடிக்கு 20, 30 மதிப்பு வரும் சின்ன அலுவலகத்தில் வெறும் போஸ்ட்கிரெஸ் வருடக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடும். ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வரிசை ஒவ்வொன்றுக்கும் போஸ்ட்கிரெஸ் வைக்கும் தலைப்பகுதி 23 பைட். ஐட்டம் எண், மதிப்பு, நேரம், நானோ விநாடி எல்லாம் சேர்ந்தே 24 பைட்தான். ஆக சரக்குக்குச் சமமாகச் சுமைகூலி. அதற்கு மேல் தனி இண்டெக்ஸ் வேறு.

டைம்ஸ்கேல்

டைம்ஸ்கேல் தனி டேட்டாபேஸ் இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு மேல் போடும் ஒரு எக்ஸ்டென்ஷன். ஜாபிக்ஸ் 4.2இல் சோதனை நிலையில் வந்து, 4.4இல் முறையான ஆதரவு பெற்றது. போஸ்ட்கிரெஸுக்கான வழக்கமான ஸ்கீமாவை ஏற்றிய பிறகு, ஜாபிக்ஸோடு வரும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டினால் ஹிஸ்டரி டேபிள்கள் நாளுக்கு ஒன்றாகவும், ட்ரெண்ட்ஸ் 30 நாளுக்கு ஒன்றாகவும் துண்டுகளாகப் பிரியும். அடுத்த நாளுக்கான துண்டை யாரும் முன்கூட்டி உருவாக்க வேண்டாம். தரவு வந்ததும் தானாக உருவாகும். காலாவதியான துண்டை ஹவுஸ்கீப்பரே முழுசாகத் தூக்கிப்போடும். கிரான் வேண்டாம், இரவல் ஸ்கிரிப்ட் வேண்டாம், செத்த வரிசை இல்லாததால் வேக்யூம் தலைவலியும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் நாம் கட்டி நிறுத்த வேண்டியதெல்லாம் இங்கே ஜாபிக்ஸின் ஆதரவோடேயே வருகிறது. என்னை இந்தப் பக்கம் சாய வைத்தது இதுதான்.

அடுத்தது கம்ப்ரஷன். ஏழு நாளுக்கு மேல் பழையதான துண்டுகளைச் சுருக்கும் வசதி ஜாபிக்ஸ் 5.0 முதல் இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் கண்காணிப்புத் தரவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கும். ஒரே ஐட்டத்தின் வரிசைகளை ஆயிரம் வரை ஒன்றாகத் திரட்டி, ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியாகச் சுருக்குகிறது. நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதால் அடுத்தடுத்த நேரங்களின் இடைவெளி எப்போதும் 180 விநாடி. இடைவெளிகளுக்கு இடையேயான வேறுபாட்டை மட்டும் குறித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் மிஞ்சும். எரர் கவுன்ட், டிஸ்கார்டு, போர்ட் வேகம் போன்ற ஐட்டங்கள் நாள் முழுக்க ஒரே மதிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்; அவையும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஐட்டம் எண் ஆயிரம் முறைக்குப் பதில் ஒரே முறை. அந்த 23 பைட் தலைப்பகுதியும் ஆயிரம் வரிசைக்கு ஒன்றுதான். நெட்வொர்க் தரவில் பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதம் வைக்க யோசித்த இடத்தில் தாராளமாக ஆறு மாதம் வைக்கலாம்.

இனி கசப்பான பகுதி. முதலாவது உரிமம். கம்ப்ரஷன் டைம்ஸ்கேலின் கம்யூனிட்டி பதிப்பில் மட்டும்தான் உண்டு. அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தில் வரும் பதிப்பில் இல்லை. சொந்த நிறுவனத்துக்குள் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டாம். டேட்டாபேஸையே சேவையாக விற்பவருக்குத்தான் தடை. நிறுவும்போது பேக்கேஜ் பெயரில் ஓஎஸ்எஸ் என்ற எழுத்துகள் இருந்தால் அது அப்பாச்சி பதிப்பு. துண்டு பிரிப்பு நடக்கும், சுருக்கம் நடக்காது. கிளவுடில் நிர்வகிக்கப்படும் போஸ்ட்கிரெஸ் எடுப்பதாக இருந்தால் இதை முதலில் விசாரியுங்கள். அமேசான் ஆர்டிஎஸ்ஸில் இந்த எக்ஸ்டென்ஷனே கிடையாது.

இரண்டாவது, பதிப்புக் கட்டுப்பாடு. எந்த போஸ்ட்கிரெஸ், எந்த டைம்ஸ்கேல், எந்த ஜாபிக்ஸ் என்று மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஜாபிக்ஸ் சர்வர் எழவே மறுக்கும். மறுப்பை மீறிக் கிளப்ப ஒரு செட்டிங் இருக்கிறது. அது அவசர நேரத்து வழி, அதை நிரந்தரமாக வைக்காதீர்கள். மாதாந்திர அப்டேட்டில் டைம்ஸ்கேல் தானாக ஏறிவிடாமல் அந்த பேக்கேஜைப் பிடித்துவைப்பது (உபுண்டுவில் ஹோல்டு) முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. பேக்கப்பும் இப்படித்தான்: ரீஸ்டோர் செய்யும் இடத்தில் அதே டைம்ஸ்கேல் பதிப்பு இருக்க வேண்டும், ரீஸ்டோருக்கு முன்னும் பின்னும் டைம்ஸ்கேலின் தனி ஃபங்ஷன்களை அழைக்க வேண்டும். ஒருமுறை சோதனை சர்வரில் செய்து பார்க்காமல் இதை நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாவது, வைப்புக் காலம் பொதுவானதாகிவிடும். துண்டாகத் தூக்கிப்போட வேண்டுமென்றால், ஐட்டத்தின் சொந்தக் காலத்தைப் புறக்கணித்து எல்லாவற்றுக்கும் ஒரே காலம் என்ற செட்டிங்கை ஆன் செய்தாக வேண்டும். இன்டர்நெட் அப்லிங்க் இரண்டுக்கு மட்டும் ஒரு வருட மூலத் தரவு, மற்ற போர்ட்டுகளுக்கு இரண்டு வாரம் என்று பிரிக்க முடியாது. பில்லிங் தகராறுக்காகச் சில இணைப்புகளின் நுணுக்கமான தரவை நீண்ட நாள் வைக்க வேண்டிய சேவை நிறுவனங்களுக்கு இது உண்மையாகவே இடிக்கும். கம்ப்ரஷன் இருப்பதால் எல்லாவற்றையும் நீண்ட நாள் வைத்துவிடலாம் என்பதுதான் நடைமுறைப் பதில். பெரும்பாலும் அது போதும்.

சரி, எதை எடுப்பது?

புதிதாக நிறுவுகிறீர்கள், சொந்த இயந்திரமோ விபிஎஸ்ஸோ இருக்கிறது, விநாடிக்கு ஐம்பதுக்கு மேல் மதிப்புகள் வரும் என்று கணக்கு சொல்கிறது. இந்த நிலையில் போஸ்ட்கிரெஸும் டைம்ஸ்கேலும்தான் என் பதில். போஸ்ட்கிரெஸ் தெரியாது என்பது இங்கே பெரிய தடையாக எனக்குத் தோன்றவில்லை. ஜாபிக்ஸுக்காகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்: பேக்கப், ரீஸ்டோர், ஷேர்டு பஃபர்ஸை (போஸ்ட்கிரெஸ் தரவை வைத்துக்கொள்ளும் ரேம் ஒதுக்கீடு) ரேமில் கால்பங்காக ஏற்றுவது, உள்நுழைவு விதிக் கோப்பு. மைஎஸ்க்யூஎல்லில் பார்ட்டிஷன் ஸ்கிரிப்டைப் புரிந்துகொண்டு பராமரிக்க ஆகும் உழைப்பைவிட இது குறைவு.

உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல் கிளஸ்டர் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், பேக்கப் ஒழுங்காக நடக்கிறது என்றால் மைஎஸ்க்யூஎல்லையே எடுங்கள். நிபந்தனை ஒன்று: பார்ட்டிஷனை முதல் நாளே போடுங்கள். காலி டேபிளைப் பிரிப்பது நொடி வேலை. 25 கோடி வரிசை சேர்ந்த பிறகு பிரிப்பது ராத்திரி முழுக்க உட்கார வைக்கும். டைம்ஸ்கேலுக்கும் இதே கதைதான். தரவு சேர்ந்த பிறகு அந்த ஸ்கிரிப்டை ஓட்டினால், ஜாபிக்ஸை நிறுத்திவைத்துவிட்டு அது முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

பத்து ஸ்விட்ச், இரண்டு சர்வர் உள்ள இடமா? தெரிந்ததைப் போடுங்கள். ஹவுஸ்கீப்பர் பார்த்துக்கொள்ளும். ஆரக்கிளைப் பற்றி யோசிப்பவர்கள் விட்டுவிடலாம், ஜாபிக்ஸ் 7.0இலேயே அதை வழக்கொழியும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் ஜாபிக்ஸ் பிராக்ஸிக்கு (தரவைச் சேகரித்து சர்வருக்கு அனுப்பும் இடைநிலை) மட்டும்தான், சர்வருக்கு இல்லை. கிளை அலுவலகத்தில் வைக்கும் பிராக்ஸிக்கு அது தாராளமாகப் போதும்.

எதை எடுத்தாலும் முதலில் உள்ளே வரும் தரவைக் குறையுங்கள். போர்ட் நிலை நிமிடத்துக்கு ஒருமுறை அப் அப் அப் என்று சொல்வதை அத்தனை முறையும் எழுதிவைக்க வேண்டியதில்லை. ப்ரீபிராசஸிங்கில் (மதிப்பை எழுதுவதற்கு முன் ஜாபிக்ஸ் பார்க்கும் விதிகள்) மாறாத மதிப்பை விட்டுவிடு, மணிக்கு ஒருமுறை மட்டும் எழுது என்று ஒரு விதி வைத்தால் அந்த ஐட்டத்தின் 60 வரிசை ஒன்றாகிவிடும். பயன்படாத போர்ட்டுகளை ஸ்விட்சில் ஷட்டவுன் செய்துவையுங்கள். அட்மின் டவுன் ஆன போர்ட்டுகளை ஜாபிக்ஸ் டெம்ப்ளேட் கண்டுபிடிப்பிலிருந்து தானாகவே ஒதுக்கிவிடும், பாதுகாப்புக்கும் அது நல்லது.

கரண்ட் போகும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். ஒவ்வொரு கமிட்டையும் டிஸ்கில் உறுதிசெய்யாமல் விட்டால் வேகம் கூடும். மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபியின் ஃபிளஷ் செட்டிங்கை இரண்டாக வைப்பது, போஸ்ட்கிரெஸில் சின்க்ரனஸ் கமிட்டை அணைப்பது. இரண்டிலும் திடீரென மின்சாரம் போனால் கடைசி ஒரு விநாடி அளவு தரவு போகலாம், டேட்டாபேஸ் கெடாது. கண்காணிப்புத் தரவுக்கு இது ஏற்கத்தக்க நஷ்டம். ஆனால் போஸ்ட்கிரெஸின் எஃப்சின்கை மட்டும் அணைக்காதீர்கள். அதை அணைத்த நிலையில் கரண்ட் போனால் டேட்டாபேஸே கெட்டுப்போக வாய்ப்புண்டு, யூபிஎஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்கூட அதைச் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லில் ஓடிக்கொண்டிருந்து, திணறிக்கொண்டிருப்பவர்களுக்கு: ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித்தரும் கருவி ஜாபிக்ஸோடு வருவதில்லை. பிஜிலோடர் என்ற இடமாற்றக் கருவியைக் கொண்டு செட்டிங்ஸ் டேபிள்களை மட்டும் போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுவந்து, ஹிஸ்டரியை விட்டுவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. ட்ரெண்ட்ஸ் டேபிள்கள் சிறியவை என்பதால் அவற்றையும் சேர்த்துக் கொண்டுவரப் பாருங்கள். போன வருடம் இதே மாதம் அப்லிங்க் எவ்வளவு நிறைந்திருந்தது என்ற கேள்விக்கு அதிலிருந்தே பதில் சொல்லலாம். பழைய சர்வரை உடனே அழித்துவிடாமல், அதன் சர்வர் புராசஸை மட்டும் நிறுத்தி, வெப் முகப்பை ஒரு மாதம் பார்வைக்கு விட்டுவையுங்கள். புதியதில் 31 நாள் தரவு சேர்ந்ததும் அணைத்துவிடலாம்.